மணி சாப்பிடாதது பற்றி

அல்சூர், பெங்களூரு
மார்கழி

அன்புள்ள கீதா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நீ வளர்க்கிற பியர்டட் டிராகன் ஓணான் மணியின் நினைப்புதான். கீரையும் தொடவில்லை, பூச்சியும் தொடவில்லை, பக்கத்து வீட்டு அம்மா சொன்னபடி முட்டையைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கீதா, தயவுசெய்து வேண்டாம். இந்த ஓணான்களுக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு இல்லாதபோது வயிற்றுக்குள் போனது செரிக்காமல் அங்கேயே கிடந்து கெட்டுப்போகும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்து வேறு. அப்படி ஊட்ட வேண்டிய நிலை வந்தால் டாக்டர் சொல்லட்டும்.

முதலில் தெர்மாமீட்டரை எடு. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிராணி. அது வெயில் காய்கிற இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், தொட்டியின் மறுகோடி 25-ஐ ஒட்டி இருந்தால் போதும். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட மீட்டரை நம்பாதே, மணி படுக்கிற கல்லின் சூடு அதில் தெரியாது. இங்கே இரவு 15-க்கு இறங்கினாலே எங்கள் வீட்டு டிராகன் ராஜா சுணங்கிவிடுவான். உங்கள் டெல்லியில் ஜனவரியில் 7-க்கும் கீழே போகிறதே! அக்டோபரில் போதுமாக இருந்த பல்பு இப்போது எப்படிப் போதும்? இரவில் தொட்டி 18-க்குக் கீழே போகாதபடி, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டு. கடையில் சூடாகும் கல் என்று ஒன்று தருவார்கள், அதை மட்டும் வாங்காதே. வயிறு வெந்தாலும் நகராமல் அதன்மேலேயே படுத்திருக்கும்.

யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு நன்றாக எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். எப்போது வாங்கியது? வெளிச்சம் அப்படியே இருக்கும், ஆனால் வேண்டிய கதிர் குறைந்துகொண்டே வரும். வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் உடம்பில் சேராது. பசி போகும், விரல்கள் நடுங்கும், தாடை எலும்பு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வெயிலில் வைக்கிறாயாம், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். பனிமூட்டத்தில் உங்களுக்கே சூரியன் கண்ணில் படாத நாட்கள் உண்டே.

சரி, சூடும் விளக்கும் ஒழுங்காக இருந்தும் தூங்கிக்கொண்டே இருந்தால்? மணிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, குளிர்கால உறக்கமாக இருக்கலாம். வளர்ந்தவை பகல் குறுகியதும் குளிர்ந்த மூலையில் போய் வாரக்கணக்கில் கிடக்கும், எப்போதாவது எழுந்து தண்ணீர் குடிக்கும். ராஜா பொங்கல் வரை இப்படித்தான். அந்த உறக்கத்தின் நடுவில் உணவு வைத்துக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆனால் நோய் வந்ததும் இதே மாதிரிதான் தூங்கும். அதனால்தான் எடை போடச் சொல்கிறேன். சமையலறைத் தராசு போதும், வாரம் ஒரு முறை கிராம் கணக்கில் குறித்து வை. உறக்கமென்றால் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, கண் குழிந்தாலோ, வாலின் அடிப்பகுதி வற்றினாலோ காத்திருக்காதே. உன் அக்கா பையன் குட்டி வாங்கப் போகிறானாமே, அவனிடமும் சொல். ஒரு வயதுகூட ஆகாத குட்டி சாப்பிடாவிட்டால் அதை உறக்கம் என்று விட்டுவிடக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

போகும்போது புதிதாகப் போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போ. காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, ஊசிப்புழு இரண்டும் இவற்றின் குடலில் அடிக்கடி காண்பவை, பெருகிவிட்டால் பசி நின்றுவிடும். நாய் பூனை பார்க்கிற எல்லா டாக்டர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை, போனில் கேட்டுக்கொண்டு போ.

அப்புறம், மணி ஆண் என்று யாராவது பார்த்துச் சொன்னார்களா? பெட்டையாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். வயிறு பருத்து, ஓயாமல் மூலையைப் பறித்துக்கொண்டு, தீனியை மறந்துவிட்டால் ஈர மண் நிரப்பிய பெட்டி வைக்க வேண்டும். முட்டை உள்ளே சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

தோல் உரிக்கும்போதும் வீடு மாறினாலும் சில நாள் சாப்பிடாது. நீங்கள் மயூர் விஹாருக்குப் போனது தீபாவளிக்குப் பிறகுதானே? கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து மிரளுகிறதா என்று கவனி, பக்கங்களில் தாள் ஒட்டினால் அடங்கும். தரையில் மணல் இருந்தால் எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளை விரி, மணலை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வதுண்டு.

தினமும் பாலக் வைப்பதை நிறுத்து. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் சர்சோன் குவிந்து கிடக்குமே, நம் கடுகுக்கீரைதான், அதை மாற்றி மாற்றிக் கொடு. பரங்கிக்காய்த் துருவலும் செம்பருத்திப் பூவும் ராஜாவுக்கு உயிர். எங்களுக்கு ராமநகரம் பக்கம் என்பது பெரிய வசதி. பட்டுக்கூட்டுச் சந்தை ஊர் அது, தெரிந்த விவசாயி ஒருவர் மருந்தடிக்காத மல்பெரி இலையில் வளர்த்த பட்டுப்புழு தருகிறார். மெத்தென்று நீர்ச்சத்தோடு இருப்பதால், உறக்கம் கலைந்து எழுந்ததும் ராஜா முதலில் வாய் வைப்பது அதில்தான்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, காலையில் ஏரிக்கரை வரை நடக்கிறாள். அவரைக்காய் காலம் வந்துவிட்டது, வீட்டில் தினம் அதுதான். தைப்பூசத்துக்கு உங்கள் ஊர் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால் எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்.

கல்லின் சூடும் மணியின் எடையும் இந்த வாரமே அளந்து எழுது. அவை தெரிந்ததும் போனில் பேசுவோம்.

அன்புடன்,
வசந்தா