ஃபேக்ஸ் எண் அச்சிட்டிருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2019 ஜனவரி முதல் புதிய ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கவே தடை வந்துவிட்டது. நம்மிடமோ லெட்டர்பேடில் ஃபேக்ஸ் எண் அப்படியே நிற்கிறது; அனுப்பினால் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. 2018 நவம்பரில் ஆட்சியமைக்க உரிமை கோரும் கடிதம் ஜம்மு ராஜ்பவன் ஃபேக்ஸுக்குப் போகவில்லை என்று சொல்லி அதை ட்விட்டரில் வெளியிட்டார் ஜம்மு காஷ்மீர் முன்னாள் முதல்வர் மெகபூபா முஃப்தி. விடுமுறை நாள், இயந்திரத்தைக் கவனிக்க ஆளில்லை என்றார் ஆளுநர். சட்டப்பேரவை அன்றிரவே கலைந்தது! வாரம் ஒரு சோதனைப் பக்கம் அனுப்பிப் பார்க்க ஆளில்லாத அலுவலகம், எண்ணை எடுத்துவிடுவதே மேல்.

வைத்திருப்பவர்கள் முதலில் லைனைப் பார்க்க வேண்டும். செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறியதும் பேச்சு தெளிவாகக் கேட்கும், ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் அறுந்துவிடும். ஃபைபரில் குரல் சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒன்றிரண்டு தொலைந்தால் காதுக்குத் தெரியாது, பக்கத்தை ஒலியாக மாற்றி அனுப்பும் ஃபேக்ஸின் மோடம் தடுமாறிவிடும். குரலைச் சுருக்கும் ஜி.729 முறை என்றால் ஃபேக்ஸ் போகவே போகாது. இணைப்பு தருபவரிடம் அப்படிச் சுருக்காத ஜி.711 முறையை வைக்கச் சொல்லுங்கள், இணையவழி ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். இயந்திரத்தில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 ஆக்குங்கள், அப்படியும் அறுந்தால் 4,800. இசிஎம் என்கிற பிழைதிருத்தத்தை அணைத்தால் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். போகும்தான். ஆனால் எழுத்தின் குறுக்கே கோடு விழலாம். தொகையும் கணக்கு எண்ணும் உள்ள தாளுக்கு அந்த வேலை வேண்டாம்.

'ஓகே' ரிப்போர்ட்டை ஃபைலில் கோத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. எதிர்முனை இயந்திரம் பக்கத்தை வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தாளைப் புறம் மாற்றி வைத்தால் வெற்றுப் பக்கம் போகும், அதற்கும் ஓகேதான். அங்கே தாள் தீர்ந்திருந்தால் மெமரியில் நிற்கும். சில மாடல்களில் கரண்ட் போனால் அதுவும் அழியும். ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தின் படமும் வரும்படி செட்டிங் வையுங்கள். அனுப்பிய கையோடு போன் போட்டு எத்தனை பக்கம் வந்தது, கடைசி வரி என்ன என்று கேளுங்கள்.

சூட்டில் எழுத்து பதியும் ரோல் பேப்பரில் வந்தது எதுவானாலும் அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைத்தான் ஃபைலில் வைக்க வேண்டும். வெயில், சூடு, சிலவகை பிளாஸ்டிக் கவர் எல்லாமே அதன் எழுத்தை வெளிறச் செய்துவிடும்.

- அலுவலகக் கருவிகள் பழுதுபார்ப்பவர், மதுரை