படகு ட்ரெயிலரின் பிறேக் புகைந்தது பற்றிய முறைப்பாடு

14.07.2024

உரிமையாளர் அவர்கட்கு,
ட்ரெயிலர் திருத்தகம், ஸ்காபரோ.

விடயம்: டிரம் பிறேக்குக்கான பழைய அக்சுவேட்டரோடு டிஸ்க் பிறேக் பூட்டித் தந்தமை

ஐயா,

மே மாதக் கடைசியில் என்னுடைய 18 அடிப் படகின் ட்ரெயிலரை உங்களிடம் விட்டேன். டிரம் பிறேக் துருப்பிடித்துவிட்டது, இரண்டு சில்லுக்கும் டிஸ்க் பிறேக் போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். 1,480 டொலர் எடுத்தீர்கள். பற்றுச்சீட்டில் "டிஸ்க் பிறேக் முழுத் தொகுதி, புது அக்சுவேட்டருடன்" என்று எழுதியிருக்கிறது. அக்சுவேட்டர் என்றால், வான் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளும் விசையால் பிறேக் ஒயிலை அழுத்தும், கொளுவியில் இருக்கும் பகுதி.

ஜூலை 6, சனிக்கிழமை, அதை இழுத்துக்கொண்டு 404 நெடுஞ்சாலையில் சிம்கோ ஏரிக்குப் போனோம். நியூமார்க்கெட் தாண்டியதும் வான் திணறத் தொடங்கியது. பின்னால் வந்த ஒருவர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். ஓரங்கட்டிப் பார்த்தால் இரண்டு சில்லிலிருந்தும் புகை. போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தேன், தோசைக்கல்லில் விழுந்த மாதிரிச் சுர்ரென்று ஆவியாகிப் போனது. அந்தச் சூட்டோடு ஏரிக்குள் இறக்கினால் டிஸ்க் நெளிந்துவிடும். சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் சூட்டுக்காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுத்து பெயாரிங்கையும் கெடுத்துவிடும். மீன்பிடி அங்கேயே முடிந்தது. இழுவை வண்டிக்கு 310 டொலர் கொடுத்து வீட்டுக்கு வந்தோம்.

திங்கட்கிழமை உங்களுக்கு எடுத்தேன். கதைத்த தம்பி, "அண்ணை, நீங்கள் பிறேக்கைச் சும்மா சும்மா அமத்தி ஓடியிருப்பியள்" என்றார். 11 வருடமாக இதே ட்ரெயிலரை இழுக்கிறேன், ஒரு நாளும் புகை வந்ததில்லை.

சரி, என்னில்தான் பிழையோ என்று நானே ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தேன். சில்லைக் கையால் தள்ளினால் தள்ளிய அளவுக்கு நகர்ந்து அப்படியே நின்றது. ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரின் ஆணி இறுகியிருக்கும் என்று விட்டிருப்பேன். இரண்டும் ஒரே மாதிரி இறுகியிருந்தன. அக்சுவேட்டரின் நகரும் பகுதி முழுதாக முன்னுக்கு வந்திருந்தது, ட்ரெயிலர் கழன்றால் பிறேக்கைப் பிடிக்கவைக்கும் பிறேக்அவே கம்பியும் இழுபடவில்லை. அதாவது பிறேக்கை எதுவும் அமத்திக்கொண்டிருக்கவில்லை. அப்புறம் அக்சுவேட்டருக்குள் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரில் குழாய் பூட்டியிருக்கும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். கொஞ்சம் ஒயில் பீறியது. உடனே இரண்டு சில்லும் சுழன்றன. ஆகவே கலிப்பரிலும் பிழையில்லை, ஹோஸிலும் பிழையில்லை. அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலேயே அடைபட்டு நிற்கிறது.

ஏன் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டிரம் பிறேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது குழாயில் எப்போதும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது பரவாயில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்தப் 10 இறாத்தலே பிறேக் பாட்டை (உரசும் தகட்டை) டிஸ்க்கோடு உரச வைக்கப் போதும், நெடுஞ்சாலையில் புகைய வைக்கவும் போதும்.

பிறகுதான் அக்சுவேட்டரைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். புதுக் கறுப்புப் பெயின்ட் மினுங்குகிறது. அதற்கு அடியில் இடது பக்கத்தில் ஒரு பள்ளம். நாலு வருடத்துக்கு முன் என் மகன் அலவாங்கை விழுத்தியதால் வந்தது. புது அக்சுவேட்டரில் என் மகனின் பள்ளம் எப்படி வந்தது என்று உங்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.

இன்னொன்று. டிஸ்க் பிறேக் போட்டால் பின்னுக்கு எடுக்கும்போது ட்ரெயிலர் தானே பிறேக் பிடிக்கும். அதைத் தடுக்க, ஒயிலை மறிக்கும் மின் வால்வான சொலனொயிட் ரிவேர்ஸ் லைட் வயரோடு இணைத்து வேண்டும், அந்த வயருக்காக ஐந்து முனைப் பிளக் வேண்டும். நீங்கள் பழைய நாலு முனைப் பிளக்கையே விட்டிருக்கிறீர்கள். உங்களிடமிருந்து கொண்டுவந்த அன்றே, வீட்டு வாசல் ஏற்றத்தில் பின்னுக்கு எடுக்கச் சில்லு இறுகி ரயர் தேய்ந்த கறுப்புக் கோடு இன்னும் கிடக்கிறது. அதைச் சொன்னபோது, "ஒரு ஆணியைச் செருகிப்போட்டு எடுங்கோ" என்றீர்கள். அக்சுவேட்டரை நகரவிடாமல் பிடிக்கும் அந்த ஆணியைக் கழற்ற மறந்து 404இல் ஏறினால் ட்ரெயிலருக்குப் பிறேக்கே இராது. படகோடு சேர்த்து எடை ஏறத்தாழ 1,600 கிலோ. ஒன்ராறியோவில் 1,360 கிலோவிலிருந்து பிறேக் கட்டாயம் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான்: டிஸ்க்குக்கான அக்சுவேட்டர், சொலனொயிட், ஐந்து முனைப் பிளக் எல்லாம் உங்கள் செலவில் பூட்டித் தரவேண்டும். கருகிய பாட்டையும் ஹப் பெயாரிங்கையும் மாற்றவேண்டும். இழுவை வண்டிக்குப் போன 310 டொலரும் வேண்டும். முடியாதென்றால் 1,480ஐயும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். பதிலைத் தொலைபேசியில் அல்ல, எழுத்தில் ஜூலை 26க்குள் அனுப்புங்கள்.

ட்ரெயிலர் என் வாசலில் ஜாக்கியில் நிற்கிறது. திருத்துவதென்றால் நீங்களே வந்து ஏற்றிக்கொண்டு போங்கள். இந்த நிலையில் அதை நான் 401இல் இழுத்துக்கொண்டு வரமாட்டேன். கழற்றும் பழைய அக்சுவேட்டரை எறியாமல் என்னிடம் தாருங்கள்.

இப்படிக்கு,
பற்றுச்சீட்டில் பெயருள்ள வாடிக்கையாளர்