15 நிமிடம் போதும், நாள் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 21 யோகா தினத்தன்று மைதானங்களில் கூடும் கூட்டம் ஆடிப்பெருக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. சோம்பேறித்தனம் என்று பழி போடுகிறார்கள். எடுத்த எடுப்பிலேயே தினம் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுவதுதான் முக்கால்வாசிக் காரணம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவருக்கு அது நடக்கிற காரியமா? இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் பாயே விரிவதில்லை.

தொடங்குகிறவருக்கு 15 நிமிடம் போதும். கழுத்து, தோள், இடுப்பு, கணுக்காலைச் சுழற்றித் தளர்த்த 3 நிமிடம். சூரிய நமஸ்காரம் நிதானமாக 3 சுற்று, சுமார் 5 நிமிடம். மூக்குத் துவாரங்களில் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி 4 நிமிடம், அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம் 3 நிமிடம். நேரமில்லாத நாளில் சூரிய நமஸ்காரத்தை ஒரு சுற்றாக்கிக்கொள்ளலாம். சவாசனத்தில் கை வைக்கக் கூடாது. நம்மவர்கள் முதலில் வெட்டுவதே அதைத்தான். காலையில் முடியாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்யலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரமாவது போகட்டும்.

வலி வந்ததால் யோகாவையே விட்டவர்களும் உண்டு. பத்மாசனத்தில் காலை இழுத்துப் பூட்டும்போது இடுப்பு மூட்டு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழங்காலில் இறங்கும். ஜமுக்காளத்தை 4 அங்குல உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் விளிம்பில் சம்மணமிட்டு உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். ஆனால் பவானி ஜமுக்காளமே ஆனாலும் டைல்ஸ் தரையில் விரித்துச் சூரிய நமஸ்காரம் செய்யாதீர்கள். இடுப்பை உயர்த்தி நிற்கும் நிலையில் துணியோடு கை முன்னால் வழுக்கும், மணிக்கட்டு போய்விடும். அதற்கு ரப்பர் பாய்தான் சரி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும், தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் தாமாகத் தொடங்கவே வேண்டாம்.

செல்போன் வீடியோவில் இன்று ஒரு பயிற்றுநர், நாளை இன்னொருவர் என்று தாவுவதும் கெடுதல்தான். வரிசை மாறிக்கொண்டே இருந்தால் அடுத்தது என்ன என்பதிலேயே கவனம் போய்விடும். மூச்சு எப்போது சேரும்? குனியும்போது வெளியே, நிமிரும்போது உள்ளே. இது யோசிக்காமல் வரும்வரை ஒரே வரிசைதான். அது ஆழியாறு வேதாத்திரி மகரிஷி தந்த எளியமுறை உடற்பயிற்சியாக இருந்தாலும் சரி, வேறு ஆசன முறையாக இருந்தாலும் சரி.

பூங்கா வகுப்புகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் நடக்கின்றன. பனியன் கம்பெனிகளுக்கும் விசைத்தறிக்கும் போகிறவர்கள் அந்நேரம் வர வழியில்லை. உள்ளாட்சி நிர்வாகங்கள் ஞாயிறு மாலையிலாவது ஒரு வகுப்பு நடத்தினால், வாரம் ஒருமுறை தவறுகளைத் திருத்திக்கொண்டு மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
யோகா பயிற்றுநர், திருப்பூர்