இடிக்கும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் நாற்பது வயது அடுக்குமாடி ஒன்றைப் போன மாதம் இடித்தார்கள். தேக்கு நிலைகளைப் பழைய மரக்கடைக்காரர் எடுத்துப்போனார், மற்றதெல்லாம் ரப்பிஷாக லாரி லாரியாகப் போனது. தூண்கள் அவ்வளவு கெட்டி, உடைக்கவே ஒரு வாரம் ஆனது! மனசு கேட்கவில்லை.

உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் வருகிறது. எரிபொருள் மட்டும் காரணமில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பனே வாயுவாகக் கிளம்பிவிடுகிறது, அதனால் சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் அந்தப் பங்கு குறையாது. நிற்கிற கட்டடத்துக்கு அந்தப் புகை ஏற்கெனவே போய்விட்டது. அதை உடைத்துவிட்டு மறுபடி ஏன் முதலிலிருந்து?

என் அக்கா வீடும் அதே வயசுதான். துருப்பிடித்த கம்பி தெரிந்த இடங்களைக் கொத்திப் பூசி, மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்டு, மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வைத்தார்கள். மே மாதத்திலும் மாடி அறையில் ஏசி ராத்திரி மட்டும்தான் ஓடுகிறது.

ஆபத்தான கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் மற்றவற்றுக்கு, பழுதுபார்த்தால் தாங்குமா என்ற பொறியாளர் அறிக்கை இல்லாமல் மாநகராட்சி இடிக்க அனுமதி தரக்கூடாது. புதுப்பிப்பவர்களுக்குச் சொத்துவரியில் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுக்கலாம்.

– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை