எருக்கும் குப்பையும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். புறநகரில் சாகுபடி நின்றுபோன வயல்களைப் பொக்லைன் விட்டு வழித்தெடுக்க வேண்டும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குப்பையையும் தேங்கிய சாக்கடையையும் அகற்றட்டும், அதில் மறுபேச்சில்லை. எருக்கையும் தும்பையையும் அதே கணக்கில் சேர்த்ததுதான் உறுத்துகிறது.

எங்கள் சோழிங்கநல்லூர்ப் பக்கத்துத் தரிசுகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றன. பூக்கள் மட்டுமே காரணமல்ல. தேனுக்குப் பல பூக்கள் உதவும். முட்டையிட ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குரிய செடிதான் வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு. மஞ்சள் நிறச் சிற்றினங்கள் சிலவற்றுக்குத் தகரை. புல்லையே நம்பி வாழ்பவையும் உண்டு. ஏர் ஓடாததால் இலையடியில் தொங்கும் கூட்டுப்புழு பிழைக்கிறது. பூச்சிமருந்தும் அங்கே விழுவதில்லை.

வெந்தய வரியனின் புழுவை அருகில் போய்ப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட உடல், முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள். இலையைத் தின்பதற்கு முன் நரம்பைக் கடித்துப் பால் வரத்தை நிறுத்திக்கொள்கிறது. ஆடு ஒதுக்கும் அந்தப் பாலின் நஞ்சில் ஒரு பங்கு உடலிலேயே தங்கிவிடுவதால், பின்னாளில் பறவைகளும் அதை ஒதுக்குகின்றன. சருகைக் கொளுத்துகிறவர்களுக்கும் ஒரு செய்தி: காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பைச் செடியிலும் ஆண் வரியன்கள் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் மணம் அதிலிருந்துதான் உருவாகிறது.

அதற்காகக் காலம் முழுக்க அப்படியே போட்டுவைக்கச் சொல்லவில்லை. சீமைக்கருவேலம் ஏறிவிட்டால் வெயில் தரையில் படாது, சிறு செடிகள் போய்விடும். கன்றாக இருக்கும்போதே அதை வேரோடு பிடுங்க வேண்டும். ஆடு மேய்வதும் ஓரளவுக்கு நல்லதே. நிலம் திறந்த வெளியாக இருக்கும். இதையெல்லாம் வழித்துவிட்டு, குரோட்டன்ஸ் நட்டு, பட்டாம்பூச்சிப் பூங்கா என்று பலகை மாட்டுவது நல்ல வேடிக்கை!

மனை உரிமையாளர்களிடம் கேட்பது இதுதான்: களைக்கொல்லி தெளிக்காதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பங்குனி வரை பொறுத்துப் பாதி நிலத்தை மட்டும் வெட்டுங்கள். முட்டை பட்டாம்பூச்சியாக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். மீதிப் பாதியை அதன் பிறகு வெட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோழிங்கநல்லூர், சென்னை.