தலையில் வைத்த கை

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து மனசு நிறைந்தது. கடைசியில் நீ எழுதியிருந்த இரண்டு வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விசேஷத்துக்கு நான் வராததற்குக் காரணம் என் கழுத்து. சித்திரையில் வலது தோளில் பிடித்த வலி நடுவிரல்வரை ஷாக் அடித்தமாதிரி இறங்கியது. தோள்தான் என்று தைலம் தேய்த்தேன். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் வலி அடங்கும். ராத்திரி முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பேன். "தலையில கை வைக்காதீங்க, வீட்டுக்கு ஆகாது" என்று உன் தங்கச்சி கையை எடுத்துவிடுவாள். எடுத்த நிமிடமே உயிர் போகும். இதைச் சொன்னதுமே டாக்டர், "நரம்பு இழுபடுவது தளர்வதால்தான் வலி அடங்குகிறது, கோளாறு கழுத்தில்" என்றார். எம்.ஆர்.ஐ.யில் ஆறாவது, ஏழாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நெருக்கியிருந்தது.

உடனே கத்தி வைக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் குறைந்துவிடுமாம். மாத்திரை, பிசியோதெரபி என்று பார்த்தோம். எனக்கோ பலம் போக ஆரம்பித்தது. டியூஷன் பலகையில் மேல்வரி எழுதக் கையை நீட்டினால் பாதியில் மடங்கி விழுந்தது. அன்றைக்குத்தான் சம்மதித்தேன்.

பின்கழுத்தில் சுமார் 2 செ.மீ. கீறல். சின்னக் குழாயின் மேல் பெரிய குழாயாக ஒவ்வொன்றாக இறக்கி, சதையை அறுக்காமல் விலக்கி, அதன்வழியே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நரம்பு வெளியே வரும் துவாரத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டார்கள். பிதுக்கம் ஓரமாக இருந்ததால் இந்த வழி. தகடு, ஸ்க்ரூ எதுவும் இல்லை. மறுநாளே வீடு. இதை என் கையாலேயே எழுதுகிறேன். நடுவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மரப்பு பாக்கி.

இப்போது உன் விஷயம். சட்டைப் பட்டன் போட விரல் தடுமாறுகிறது, நடக்கும்போது செருப்பு தெரியாமல் கழன்றுபோகிறது, வயசுதான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லையடா. என்னுடையது ஒரு கைக்குப் போகும் நரம்பு. வாரக்கணக்கில் காத்திருக்க முடிந்தது. தண்டுவடமே நெருக்கப்பட்டால் கையும் காலும் சேர்ந்து இப்படித் தடுமாறும். அதில் போன பலம் முழுசாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம், பார்த்துவிடுவோம். அதுவரை சலூனில் கழுத்துக்குச் சொடுக்கு எடுக்க விடாதே.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பழைய ரிப்போர்ட் எதுவிருந்தாலும் எடுத்து வை.

உன்,
சேது