புது ப்ராசசருக்கு முன்னால் பழைய எஸ்எம்பிஎஸ்

பெரம்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அனிமேஷன் படிப்பில் இடம் கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அது என்ன படிப்பு என்று அம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் ரொம்ப சந்தோஷப்பட்டார். அவருக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகளின் கம்ப்யூட்டரில் ஐ3 12100 ப்ராசசரை எடுத்துவிட்டு ஐ7 12700 போடலாம், அது உட்காரும் சாக்கெட் ஒன்றுதான், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தாராளமாகத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சாக்கெட் சரிதான். ஆனால் தாங்குமா என்பதை அந்த 450ஐ மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்த ஐ7 ப்ராசசரின் விவரத்தில் 65 வாட் என்று இருப்பது அடிப்படை வேகத்துக்கான அளவு. டர்போ என்னும் கூடுதல் வேகத்துக்கு ஏறினால் 12700 180 வாட் வரை இழுக்கும் என்று இன்டெலே குறித்திருக்கிறது. இப்போது உன்னிடம் இருக்கும் 12100க்கு அந்த உச்சம் 89தான். ஆக, தேவை இரண்டு மடங்காகிறது. அதுவும் ஏதோ ஒரு நொடிக்கு அல்ல. மகள் ரெண்டர், அதாவது அனிமேஷனைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை, போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், போர்டு அனுமதிக்கிறவரை அந்த உச்சத்தை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மின்சாரம் முழுவதும் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைனிலிருந்துதான் வர வேண்டும். மதர்போர்டு அதை ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்கி ப்ராசசருக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். அதனால் 180க்கு 200 வாட் என்றே வைத்துக்கொள். கேபினட்டோடு வரும் மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களையும் சேர்த்துக் கூட்டித்தான் பெரிய எண்ணை எழுதுகிறார்கள். பக்க மூடியைக் கழற்றி லேபிளைப் பார். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்? 16 என்று இருந்தால் 192 வாட், ப்ராசசருக்கே பற்றாது. ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் வேறு அதே லைனில்தான் தொங்குகின்றன. 30 என்றால் 360 வாட், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உன் கம்ப்யூட்டருக்குக் கணக்கில் போதும். ப்ராசசருக்குப் போகும் வயரில் 8 பின் இருக்கிறதா என்பதையும் பார். 4 பின்தான் என்றால் அந்தப் பெட்டியை அத்தோடு விட்டுவிடு.

கணக்கில் போதும் என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். அந்தக் கேபினட் முந்தைய கம்ப்யூட்டர் காலத்தது என்று எழுதியிருக்கிறாய். அதிலுள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கு, மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் பாகங்களுக்கு, சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. உன் வீடோ காசிமேட்டுப் பக்கம். உப்புக் காற்று, துறைமுக லாரிப் புழுதி, மே மாத வெயில், எல்லாவற்றையும் அது குடித்திருக்கிறது. பாதுகாப்புச் சுற்று சரியில்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். பிள்ளை மாதக்கணக்கில் செய்த வேலை அந்த டிஸ்க்கில் இருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கு, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான ‘ப்ரான்ஸ்’ தரக்குறி இருக்கட்டும். நாளைக்கு ஒரு நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் பெரும்பாலும் அதுவே போதும். 550 என்பதால் கரண்ட் பில் ஏறாது, கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் கொடுக்கும். இந்த மாதம் பணம் இடித்தால் ஐ7ஐத் தள்ளிப்போட்டு ஐ5 12400 எடு. அதன் உச்சம் 117 வாட்தான், படிப்பு தொடங்க அது நன்றாகவே போதும். எதுவானாலும் புது எஸ்எம்பிஎஸ் இல்லாமல் வேண்டாம். அப்புறம், மதர்போர்டு மாடலையும் எழுது. விலை குறைந்த எச்610 போர்டுகளில் சில, 12700ஐ முழு வேகத்தில் நெடுநேரம் ஓடவிடாது.

லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை நீ வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறு, நான் சென்ட்ரலில் சேர்ந்துகொள்கிறேன். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். மகளையும் கூட்டிக்கொண்டு வா, அவளே பார்த்து வாங்கட்டும்.

அன்புடன்,
உன் பெரம்பூர் நண்பன்